விளையாட்டு வாத்தியார்களின் தந்தை

மாலை நேரம். பெரியதாழை கடற்கரை.

தூத்துக்குடி மாவட்டத்தில், மணப்பாட்டுக்கும் உவரிக்கும் நடுவில் இருக்கிறது இந்த மீனவர் ஊர். அலை கரையை அரித்துவிடாமல் இருப்பதற்காகப் பாறாங்கற்களைக் கொட்டி, கடலுக்குள் தூண்டில் வளைவு போட்டு இருக்கிறார்கள்.

இது போன்ற கடற்கரை ஊர்களில் மாலையில் இரண்டு வலைகளைப் பார்க்கலாம். ஒன்று, மீன் பிடிக்கும் வலை. படகோரமாக உட்கார்ந்து பெரியவர்கள் அதன் கிழிசலைச் சரி செய்துகொண்டு இருப்பார்கள்.

மற்றொரு வலை, இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டப்பட்டு இருக்கும். அது மீன் பிடிக்காத வலை. அதற்கு மேலே பந்து பறக்கும். வாலிபால்!

பையன்கள் காலில் செருப்பு இல்லை. மணலில் கால் புதைகிறது. ஆனாலும் ஆட்டத்தில் ஒழுங்கு இருக்கிறது. ஒருவன் பந்தை எடுக்கிறான். ஒருவன் அதைத் தூக்கிக் கொடுக்கிறான். மூன்றாமவன் எம்பி அடிக்கிறான்.

இந்த ஒழுங்கை இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார். அவருக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? அவருடைய வாத்தியார். அவருக்கு?

தமிழ்நாட்டில் இப்படிக் கேட்டுக்கொண்டே பின்னால் போனால், பல இடங்களில் ஒரே மனிதரிடம் போய்ச் சேருவோம். அவர் ஓர் அமெரிக்கர். சென்னையிலே வாழ்ந்து, சென்னையிலே உயிர் விட்டவர். அவர் பெயர் ஹாரி குரோ பக்.

ஆற்றங்கரைப் பையன்

ஹாரி பக் 1884-ம் ஆண்டு நவம்பர் 25-ந் தேதி பிறந்தார். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்தில் லிவர்பூல் என்று ஒரு சின்ன ஊர் உண்டு. அதுவே அவர் பிறந்த ஊர். இங்கிலாந்தில் உள்ள லிவர்பூல் பெரிய துறைமுகப் பட்டணம். இது வேறு. சஸ்குவஹானா என்ற ஆற்றின் கரையில் உள்ள சிற்றூர் இது.

வாலிபர் ஆனதும், மாசசூசெட்ஸ் மாகாணத்தில் உள்ள ஸ்பிரிங்பீல்டு என்ற ஊருக்குப் படிக்கப் போனார். அங்கே ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிப் பள்ளி இருந்தது. ஒய்.எம்.சி.ஏ. என்பது கிறிஸ்தவ வாலிபர் சங்கம்.

இந்தப் பள்ளிக்கூடம் ஒரு விதத்தில் உலகத்துக்கே புதுமையானது. உடம்பையும் அறிவையும் சேர்த்து வளர்க்க வேண்டும் என்பது அதன் கொள்கை. விளையாட்டு என்பது பொழுதுபோக்கு மட்டும் அல்ல, அதுவும் ஒரு படிப்பு என்று அங்கே நினைத்தார்கள்.

இரண்டு புதிய ஆட்டங்கள்

அமெரிக்காவில் குளிர் காலத்தில் பனி கொட்டும். வெளியே விளையாட முடியாது. கட்டிடத்துக்குள்ளே ஆடுவதற்கு ஓர் ஆட்டம் வேண்டும். அதற்காக 1891-ம் ஆண்டு, ஸ்பிரிங்பீல்டு பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் ஓர் ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். அதுதான் பாஸ்கெட் பால் என்னும் கூடைப்பந்து.

அதே பள்ளியில் படித்தவர் வில்லியம் மார்கன். பக்கத்து ஊரான ஹோலியோக்கில் அவர் தேகப்பயிற்சி அதிகாரியாக இருந்தார். அவரிடம் பயிற்சிக்கு வந்தவர்களில் நடுத்தர வயது வியாபாரிகள் பலர் உண்டு. ஓடி, மோதி ஆடும் கூடைப்பந்து அவர்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

மார்கன் யோசித்தார். டென்னிஸ் வலையை எடுத்தார். 6½ அடி உயரத்தில் கட்டினார். வலைக்கு இந்தப் பக்கம் ஒரு கட்சி, அந்தப் பக்கம் ஒரு கட்சி. பந்து தரையில் விழாமல் கையால் தட்ட வேண்டும். ஒருவர் மேல் ஒருவர் மோத வேண்டியது இல்லை. இது நடந்தது 1895-ம் ஆண்டு. முதலில் அவர் வைத்த பெயர் மின்டனெட். மறு ஆண்டு ஸ்பிரிங்பீல்டில் இந்த ஆட்டத்தை ஆடிக் காட்டியபோது, வாலிபால் என்ற பெயர் வந்தது. பந்து தரையைத் தொடும் முன்பே தட்டுவதற்கு ஆங்கிலத்தில் வாலி என்று பெயர்.

இப்படிப்பட்ட புதிய ஆட்டங்கள் பிறந்த இடத்தில்தான் ஹாரி பக் பாடம் படித்தார். மார்கன் ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். பக்கின் வேலை வேறு. ஆட்டம் சொல்லித் தருகிறவர்களை உண்டாக்குவதே அவர் வேலை ஆயிற்று.

சென்னைக்கு வந்தார்

1919-ம் ஆண்டு ஹாரி பக் கப்பல் ஏறிச் சென்னைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 34.

அந்தக் காலத்தில் நம் பள்ளிக்கூடங்களில் விளையாட்டு எப்படி இருந்தது? டிரில் என்ற ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். வரிசையில் நிற்க வேண்டும். இடது, வலது என்று நடக்க வேண்டும். கையைத் தூக்கு என்றால் தூக்க வேண்டும். இறக்கு என்றால் இறக்க வேண்டும்.

விளையாட்டு என்று ஒன்று நடந்தால், அது கெட்டிக்காரப் பையன்களுக்கு மட்டுமே. பள்ளிக்கூடத்தில் 500 பிள்ளைகள் இருந்தால், பந்தயத்துக்குப் போகும் 11 பேர் ஆடுவார்கள். மற்றவர்கள் வேலி ஓரத்தில் நின்று கை தட்டுவார்கள்.

இதை மாற்ற என்ன வழி?

ஒரு நல்ல குழுவைச் சேர்த்து, தானே பயிற்சி கொடுத்து, கோப்பைகளை வாங்கிக் குவிக்கலாம். பேரும் புகழும் உடனே வரும். பக் அந்த வழியில் போகவில்லை. ஒருவர் எத்தனை ஊருக்குப் போக முடியும்? எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க முடியும்? ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர் வேண்டும். முதலில் அவர்களைத் தயார் செய்ய வேண்டும். இதுவே அவர் பிடித்த வழி.

1920-ல் தொடங்கிய பள்ளி

1920-ம் ஆண்டு, சென்னையில் உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கான பள்ளியை ஹாரி பக் தொடங்கினார். முதலில் சேர்ந்தவர்கள் விரல்விட்டு எண்ணக் கூடியவர்களே.

அதில் ஆச்சரியம் இல்லை. விளையாட்டுச் சொல்லிக் கொடுக்கவும் ஒரு படிப்பா என்று கேட்கிற காலம் அது. பிள்ளை வக்கீல் ஆக வேண்டும், தாசில்தார் ஆக வேண்டும் என்று பெற்றோர் ஆசைப்படுவார்கள். மைதானத்தில் விசில் ஊதுவதற்குப் பணம் கட்டிப் படிக்க வைப்பார்களா?

ஆனாலும் பள்ளி வளர்ந்தது. இந்தியாவின் பல பகுதிகளில் இருந்து மாணவர்கள் வந்தார்கள். சைதாப்பேட்டையில், அடையாற்றின் கரையை ஒட்டிப் பெரிய மைதானமும் கட்டிடங்களும் அமைந்தன. பள்ளி, கல்லூரி ஆயிற்று. ஆசியாக் கண்டத்திலேயே உடற்கல்விக்கு என்று ஏற்பட்ட முதல் கல்லூரி என்ற பெருமை அதற்குக் கிடைத்தது. இப்போது நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதுவே.

சடுகுடுவுக்கும் விதி

மேல்நாட்டில் இருந்து வந்தவர், மேல்நாட்டு ஆட்டங்களை மட்டும் சொல்லித் தந்தார் என்று நினைக்க வேண்டாம்.

விளையாட்டு விதிகளைத் தொகுத்து பக் ஒரு புத்தகம் வெளியிட்டார். வாலிபால், கூடைப்பந்து போன்ற ஆட்டங்களோடு, நம் ஊர்ச் சடுகுடு ஆட்டத்தின் விதிகளும் அதில் இடம் பெற்றன. ஊருக்கு ஊர் வேறு வேறு விதமாக ஆடி வந்த ஆட்டம் சடுகுடு. ஓர் ஊரில் சரி என்பது பக்கத்து ஊரில் தப்பு. இதனால் பந்தயம் வைத்தால் சண்டையில் முடியும். விதி எழுத்தில் வந்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே நியாயம்.

எந்த வயதுப் பிள்ளைக்கு என்ன விளையாட்டு, எதற்குப் பிறகு எது என்று பள்ளிக்கூடங்களுக்கான பாடத்திட்டத்தையும் அவர் எழுதினார். கணக்குக்கும் சரித்திரத்துக்கும் பாடத்திட்டம் இருப்பது போல, விளையாட்டுக்கும் பாடத்திட்டம் வந்தது.

பாரிஸ் பயணம்

1924-ம் ஆண்டு பாரிஸ் நகரில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. அதற்கு ஆள் தேர்ந்தெடுக்க அந்த ஆண்டு டெல்லியில் போட்டிகள் நடத்தினார்கள். தேர்வு பெற்ற இந்திய வீரர்களுக்கு மேனேஜராகப் பாரிசுக்குப் போனவர் ஹாரி பக்.

அந்தக் குழுவில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஒருவரும் இருந்தார். கண்ணூரில் பிறந்த சி.கே. லட்சுமணன் அவர். தடை தாண்டி ஓடுவதில் கெட்டிக்காரர்.

அந்தப் பந்தயத்தில் இந்தியாவுக்குப் பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் வெறும் கையோடு திரும்பினார்கள் என்று சொல்ல முடியாது. மற்ற நாட்டார் எப்படிப் பயிற்சி பெறுகிறார்கள் என்று நேரில் பார்க்க முடிந்தது. நாடு முழுவதற்கும் ஒரு விளையாட்டுச் சங்கம் வேண்டும் என்ற முயற்சியும் வலுத்தது. 1927-ம் ஆண்டு இந்திய ஒலிம்பிக் சங்கம் ஏற்பட்டது. தொழில் அதிபர் சர் தோராப்ஜி டாட்டா அதன் தலைவர். ஒய்.எம்.சி.ஏ.யைச் சேர்ந்த டாக்டர் நோரென் செயலாளர். இவர்களோடு இந்த முயற்சியில் பங்கு கொண்டவர்களில் பக்கும் ஒருவர்.

ஒரு பந்து, 40 பிள்ளைகள்

இப்போது வாலிபாலுக்கு வருவோம். பயிற்சி பெற்ற ஆசிரியருக்கும் பயிற்சி பெறாத ஆசிரியருக்கும் என்ன வித்தியாசம்?

ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள். பந்து ஒன்றுதான் இருக்கிறது. பயிற்சி இல்லாதவர் என்ன செய்வார்? உயரமான 12 பேரைக் கூப்பிட்டு ஆடச் சொல்வார். மீதி 28 பேர் மர நிழலில் உட்காருவார்கள்.

பயிற்சி பெற்றவர் அப்படிச் செய்ய மாட்டார். 40 பேரையும் நான்கு கட்சியாகப் பிரிப்பார். கட்சிக்கு ஒரு தலைவன். ஒரு கட்சி வட்டமாக நின்று, நல்ல பந்தை விரல் நுனியால் மேலே தட்டிப் பழகும். ஒரு கட்சி, பழைய பந்தைச் சுவரில் அடித்துப் பழகும். ஒரு கட்சி, பந்தே இல்லாமல் வலை ஓரத்தில் எம்பிக் குதித்துப் பழகும். நாலாவது கட்சி ஓடி நின்று, நின்று ஓடிக் கால் பழக்கம் செய்யும். சில நிமிடம் கழித்து விசில் ஊதினால், கட்சிகள் இடம் மாறும். யாரும் சும்மா இருப்பது இல்லை.

எல்லாப் பையன்களுக்கும் முதல் நாளே ஸ்மாஷ் அடிக்க ஆசை. ஆனால் நல்ல வாத்தியார் அதைக் கடைசியில்தான் சொல்லிக் கொடுப்பார். முதலில், வரும் பந்தின் கீழே சரியாகப் போய் நிற்பது. அடுத்து, பந்தை உயரமாகத் தட்டுவது. பிறகு சர்வீஸ். அதையும் எல்லைக்கோட்டில் இருந்து தொடங்குவது இல்லை. வலைக்குப் பக்கத்தில் நின்று போட வேண்டும். பந்து வலையைத் தாண்டினால் ஓர் அடி பின்னால். மறுபடியும் தாண்டினால் இன்னும் ஓர் அடி பின்னால். பிள்ளைக்கு நம்பிக்கை வளரும்.

அதன் பிறகு மூன்று தட்டு. ஒரு பக்கத்தார் மூன்று முறைக்குமேல் பந்தைத் தொடக்கூடாது என்ற விதி 1920-ம் ஆண்டில் வந்தது. எடுப்பவர், லிப்ட் கொடுப்பவர், அடிப்பவர் என்ற முறை இதனால் உறுதிப்பட்டது. அடிப்பவனுக்குத்தான் கை தட்டல். ஆனால் எடுப்பவன் தவறினால் லிப்ட் இல்லை. லிப்ட் இல்லாவிட்டால் அடி இல்லை. இதைப் பிள்ளைகளுக்குப் புரிய வைத்துவிட்டால், பாதிக் குழு உருவாகிவிட்டது என்று அர்த்தம்.

ஆட்டம் காலத்தோடு மாறி வந்திருக்கிறது. பக் காலத்தில் பந்தை விரல்களாலேயே எடுத்தார்கள். இரண்டு கையையும் சேர்த்து, முன்கையில் பந்தை வாங்கும் முறை பிற்காலத்தில் பரவியது. ஆனால் எளியதில் தொடங்கிக் கடினமானதற்குப் போக வேண்டும் என்ற பாடம் மட்டும் மாறவே இல்லை.

வாலிபாலில் ஒரு விசேஷம் உண்டு. சர்வீஸ் எதிர்க் கட்சியிடம் இருந்து தன் கட்சிக்குத் திரும்பி வரும்போது ஆறு பேரும் ஓர் இடம் தள்ளி நிற்க வேண்டும். ஆகவே யாரும் எப்போதும் பின்னாலேயே நிற்பது இல்லை. குட்டையான பையனும் வலைக்கு முன்னால் வருவான். கூச்சப்படுகிற பையனும் சர்வீஸ் போட வருவான். கடைசிப் பிள்ளைக்கும் முறை வர வேண்டும் என்பதே பக் தொடங்கிய படிப்பின் நோக்கம். வாலிபாலில் அது விதியாகவே இருக்கிறது.

செலவும் குறைவு. ஒரு வலை, ஒரு பந்து, இரண்டு கம்பம். மைதானம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம் இருந்தால் போதும். அதனால்தான் கிராமத்துக் களத்துமேட்டிலும் கடற்கரை மணலிலும் இந்த ஆட்டம் வேர் பிடித்தது.

பெண்களுக்கும் மைதானம்

பெண் பிள்ளைகள் ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது என்று வீட்டில் சொன்ன காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்திலேயே, 1940-ம் ஆண்டில், சைதாப்பேட்டைக் கல்லூரியில் பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள்.

பள்ளிக்கூடத்துப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த ஆட்டம் த்ரோபால் என்னும் எறிபந்து. பந்தைத் தட்டாமல், பிடித்து எறியும் ஆட்டம். வாலிபாலுக்குத் தங்கை என்று சொல்லலாம். சென்னையில் பெண்களுக்காக இதைப் பரப்பியது ஒய்.எம்.சி.ஏ. இதன் விதிகளை வகுத்தவர் ஹாரி பக். இதைப் படிக்கும் தாய்மார்களில் பலர், பாவாடை தாவணியில் எறிபந்து ஆடியது ஞாபகம் இருக்கும். அந்த விதிகளை வகுத்தவர் பெயர் அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மண்ணோடு கலந்தார்

பக்கின் மனைவி பெயர் மேரி. கணவருடைய பணியில் அவரும் துணை நின்றார்.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டு இருந்தது. 1942-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி, வாலிபாலைக் கண்டுபிடித்த மார்கன் அமெரிக்காவில் காலமானார். ஏழு மாதம் கூட ஆகவில்லை. 1943-ம் ஆண்டு ஜூலை 24-ந் தேதி, ஹாரி பக் சென்னையில் காலமானார். அவருக்கு வயது 58.

வந்த நாள் முதல் ஏறக்குறைய 24 ஆண்டுகள் அவர் இந்தியாவுக்காக உழைத்தார். சுதந்திர இந்தியாவைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

விளைந்த பயிர்

விதைத்தவர் போய்விட்டார். பயிர் வளர்ந்தது.

1951-ம் ஆண்டு இந்திய வாலிபால் சம்மேளனம் ஏற்பட்டது. 1952-ம் ஆண்டு, அதன் முதல் தேசியப் போட்டி சென்னையில் நடந்தது. 1958-ம் ஆண்டு டோக்கியோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்திய வாலிபால் குழு வெண்கலப் பதக்கம் பெற்றது. 1962-ம் ஆண்டு ஜகார்த்தாவில் வெள்ளிப் பதக்கம் பெற்றது.

சிறந்த வீரர்களுக்கு இந்திய அரசு அளிக்கும் அர்ஜுனா விருது 1961-ம் ஆண்டு தொடங்கியது. அந்த முதல் ஆண்டிலேயே, வாலிபாலுக்கான விருதைப் பெற்றவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏ. பழனிசாமி.

இந்த வெற்றி எல்லாம் பக் ஒருவரால் வந்தது என்று சொல்ல முடியாது. ஆடியவர்கள் வேறு. அவர்களைப் பழக்கியவர்கள் வேறு. ஆனால் விளையாட்டைச் சொல்லித் தருவது ஒரு மரியாதையான தொழில், அதற்கும் படிப்பு வேண்டும் என்று நம் நாட்டில் நிலைநாட்டியவர்களில் அவர் முதல் வரிசையில் நிற்கிறார்.

இன்று பல வீடுகளில் விளையாட்டுப் பாடம் என்றால் இளக்காரம். பரீட்சை வந்தால் முதலில் பறிபோவது விளையாட்டு நேரமே. அந்த நேரத்தில் கணக்கு வாத்தியார் வந்து உட்கார்ந்துவிடுகிறார். 1919-ம் ஆண்டில் பக் பார்த்த வேலி ஓரத்துப் பிள்ளைகள் இன்னும் வேலி ஓரத்திலேயே நிற்கிறார்கள். இதை மாற்றுவது பள்ளிக்கூடத்தின் கையில் மட்டும் இல்லை. பெற்றோர் கையிலும் இருக்கிறது. பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், என்ன மார்க் என்று கேட்கிறோம். இன்று என்ன விளையாடினாய் என்றும் கேட்கலாமே!

பெரியதாழையில் பொழுது சாய்கிறது. பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை ஆட்டம் நடக்கும். அதோ, பின்வரிசையில் நின்ற சின்னப் பையன் இடம் மாறி முன்னால் வருகிறான். அவன் உயரம் வலைக்குக் கீழேதான். ஆனாலும் இது அவன் முறை. யாரும் அவனை விலகச் சொல்லவில்லை.

ஹாரி பக் பெயரை அவன் கேள்விப்பட்டு இருக்க மாட்டான். அதனால் என்ன? அவர் பாடுபட்டது அவனுக்காகத்தான்.